கண்மதிப்பா, ஃபியூஷனா, எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ளேயேவா: புராஸ்டேட் பயாப்சியில் எதைத் தேர்வு செய்வது?

மாமாவுக்கு 66 வயது, கோவில்பட்டியில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் பற்றிச் சந்தேகம் எழுப்பும் ரத்தப் பரிசோதனை) 6.1 வந்தபோதே ஒரு மருத்துவமனையில் பயாப்சி எடுத்தார்கள். 12 துண்டு, எதிலும் ஒன்றுமில்லை. எடுத்து இரண்டு வாரம் கழித்து "எதுக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. பாத்துடுவோம்" என்றார்கள், அதையும் எடுத்தோம். ஊசி குத்திய இடமெல்லாம் ரத்தம் கசிந்து நின்றதால் படம் கலக்கிவிட்ட குட்டை மாதிரி இருந்தது. ரத்தக் கசிவு இருப்பதால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்பதுதான் அந்த ரிப்போர்ட்டின் கடைசி வரி. எம்.ஆர்.ஐ.யை முதலில் எடுத்திருக்க வேண்டும், அல்லது பயாப்சி முடிந்து ஆறு எட்டு வாரமாவது காத்திருக்க வேண்டும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டியவர்களும் சொல்லவில்லை.

இந்த வருடம் பி.எஸ்.ஏ. 8.4. இந்தத் தடவை முதல் வேலையாக எம்.ஆர்.ஐ. எடுத்தோம். சுரப்பியின் முன்பக்கத்தில் 9 மி.மீ. அளவில் ஒரு புள்ளி, பைராட்ஸ் 4 என்று வந்தது. 1-இலிருந்து 5 வரை போகும் சந்தேக மதிப்பெண் அது. 1, 2 என்றால் பெரும்பாலும் பயமில்லை, 3 இரண்டுங்கெட்டான், 4-உம் 5-உம் வந்தால் ஊசி வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். சரி, எப்படி வைப்பது? முதலில் பார்த்த டாக்டர் "எம்.ஆர்.ஐ. படத்தை நான் பாத்துட்டேன், எங்கே குத்தணும்னு தெரியும், அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார். இரண்டாமவர் எம்.ஆர்.ஐ. படத்தையும் அல்ட்ராசவுண்ட் படத்தையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டும் ஃபியூஷன் மெஷினில் செய்வோம் என்றார், அதற்குத் தனிக் கட்டணம். தெரிந்த ரேடியாலஜிஸ்ட் ஒருவர், எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்கவைத்தே எடுக்கும் முறையும் உண்டு என்றார். மூன்றில் எது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு ஒரு மாதம் படித்ததும் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை, கூடப் போனவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். புராஸ்டேட் பயாப்சி ஊசியை நேரலையாக வழிகாட்டுவது அல்ட்ராசவுண்ட். மலக்குடலுக்குள் அதன் புரோபை, அதாவது படம் எடுக்கும் குச்சியை, வைத்துப் பார்த்தால் சுரப்பியின் எல்லை தெரியும், ஊசி போவது வெள்ளைக் கோடாகத் தெரியும், ஆனால் புற்றுநோய் பெரும்பாலும் தெரியாது, சுற்றியிருக்கும் சாம்பல் நிறத்தோடு அதுவும் சாம்பலாகக் கலந்துபோகும். எம்.ஆர்.ஐ.யில் அந்த இடம் கறுப்பாக, சந்தேகப்படும்படி தெரியும், ஆனால் அது போன வாரம் எடுத்த அசையாத படம். பார்வை உள்ளதற்குக் கை இல்லை, கை உள்ளதற்குப் பார்வை இல்லை. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இந்த மூன்று முறைகளுக்கும் உள்ள வித்தியாசம்.

நிலம் அளக்கும்போது பார்த்திருப்பீர்கள். சர்வேயர் கையில் புலப்படம் இருக்கும், கல் எங்கே என்று அதில் குறித்திருக்கும், ஆனால் வயலில் போய் நின்றால் வரப்பு நகர்ந்திருக்கும், பாதி கல்லைக் காணோம். அனுபவசாலி படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிணற்றையும் வேப்பமரத்தையும் வைத்து "இங்கே தோண்டு" என்பார். இன்னொருவர் ஜி.பி.எஸ். கருவியை வைத்துப் புள்ளியைத் தேடுவார். கல் கிடைக்கிறதா என்பது முதலாமவருக்கு அவர் அனுபவத்தைப் பொறுத்தது, இரண்டாமவருக்குப் புலப்படம் சரியாக வரைந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

மெஷினுக்குப் போவதற்கு முன்னால், ஊசியே வேண்டுமா என்ற கேள்வியை முடித்துவிட வேண்டும். 2017-இல் பிரிட்டனில் வெளிவந்த ப்ராமிஸ் ஆய்வு இதில் பெரிய திருப்பம். 576 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ., வழக்கமான அல்ட்ராசவுண்ட் பயாப்சி, அதோடு சுரப்பி முழுவதையும் நெருக்கமாகக் குத்திப் பார்க்கும் பயாப்சி, மூன்றையும் செய்து ஒப்பிட்டார்கள். சிகிச்சை தேவைப்படும் அளவுக்கான புற்றுநோயில் எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்தைப் பிடித்தது, வழக்கமான பயாப்சி 48 சதவீதத்தை மட்டும். பாதிக்குப் பாதி தவறியிருக்கிறது! மாமாவின் முதல் பயாப்சி 'ஒன்றுமில்லை' என்று வந்ததில் நாங்கள் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்ததை இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. ஆனால் எம்.ஆர்.ஐ.க்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது: அது வீண் சந்தேகமும் நிறையக் கிளப்பும், அதே ஆய்வில் அப்படிப்பட்ட புற்றுநோய் இல்லாதவர்களில் 41 சதவீதம் பேரைத்தான் அது சரியாக விலக்கியது. அதாவது பைராட்ஸ் 4 என்றாலே புற்றுநோய் என்று வீட்டில் அழ ஆரம்பிக்கக் கூடாது.

இன்னொரு கணக்கும் கைகொடுக்கும். பி.எஸ்.ஏ. எண்ணைச் சுரப்பியின் கன அளவால் வகுத்தால் வருவது பி.எஸ்.ஏ. அடர்த்தி. மாமாவுக்குச் சுரப்பி 48 மி.லி., 8.4-ஐ 48-ஆல் வகுத்தால் 0.175. பொதுவாக 0.15-க்கு மேல் போனால் சந்தேகம் கூடும். பைராட்ஸ் 3 வந்து, போவதா வேண்டாமா என்று நடுவில் நிற்பவர்களுக்கு இந்த ஒரு வகுத்தல் ரொம்ப உதவும். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டிலேயே கன அளவு இருக்கும், போன் கால்குலேட்டர் போதும்.

சரி, இப்போது முறைகளுக்கு வருவோம்.

கண்மதிப்பு முறையில் டாக்டர் எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் பார்த்து, 'நடுக்கோட்டுக்கு இடது பக்கம், முன்னால், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி' என்று மனதில் பதித்துக்கொண்டு அல்ட்ராசவுண்டில் அந்த இடத்தைத் தேடிக் குத்துகிறார். கூடுதல் கருவி எதுவும் வேண்டாம், கூடுதல் செலவு இல்லை. பெரிய புள்ளி, பின்பக்கத்தில் மலக்குடலை ஒட்டி இருப்பது, கூடவே எம்.ஆர்.ஐ. படத்தை ரிப்போர்ட் வழியாக இல்லாமல் நேரடியாகப் படிக்கத் தெரிந்த டாக்டர், இந்த மூன்றும் அமைந்தால் இதுவே போதும் என்று நினைக்கிறேன். ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதுதான் சிக்கல். நம் முன்னால் உட்கார்ந்திருப்பவர் இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்பது நமக்கு எப்படித் தெரியும்?

ஃபியூஷனில் வேலை இரண்டு கட்டம். முதலில் ரேடியாலஜிஸ்ட் எம்.ஆர்.ஐ. படத்தில் சுரப்பியின் ஓரத்தையும் சந்தேகப் புள்ளியின் ஓரத்தையும் ஒவ்வொரு படலமாகக் கோடு போட்டு வைக்கிறார். பயாப்சி அன்று அல்ட்ராசவுண்ட் புரோபை ஒரு தடவை முழுக்கச் சுழற்றி முப்பரிமாணப் படம் எடுத்து, மென்பொருள் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. அதன் பிறகு புரோப் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் புள்ளியும் திரையில் கூடவே நகரும், டாக்டர் அதைப் பார்த்துக் குத்துவார். புரோப் எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரிய வேண்டுமே, அதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழி வைத்திருக்கிறது. யூரோநாவ் பக்கத்தில் காந்தப்புலம் உண்டாக்கும் ஒரு பெட்டியை வைத்து, புரோபில் ஒட்டிய உணரியைப் பின்தொடர்கிறது. ஆர்டெமிஸில் மூட்டுகள் உள்ள ஓர் உலோகக் கை புரோபைப் பிடித்திருக்கும், மூட்டு எவ்வளவு திரும்பியது என்பதை வைத்து இடத்தைக் கணக்கிடும். கோயலிஸ் அல்ட்ராசவுண்ட் படத்தையே அடிக்கடி முப்பரிமாணத்தில் எடுத்துச் சுரப்பியைச் சுரப்பியோடு ஒப்பிடுகிறது, நோயாளி கொஞ்சம் அசைந்தாலும் சமாளிக்க. விற்பனைப் பேச்சில் இவற்றைப் பற்றி நிறையச் சொல்வார்கள். நோயாளியாக நாம் இதில் தலையிட ஒன்றும் இல்லை.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. புராஸ்டேட் மெத்தென்ற உறுப்பு. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது மல்லாக்கப் படுத்திருந்தார், உள்ளே எதுவும் இல்லை. பயாப்சியின்போது புரோப் அழுத்துகிறது, மூத்திரப்பை நிரம்பியிருக்கிறது, மரப்பு ஊசி போட்டதில் பக்கத்தில் வீக்கம். வடிவம் மாறிப்போகும். சில மென்பொருள் படத்தை அப்படியே விறைப்பாக வைத்துப் பொருத்தும், சில ரப்பர் மாதிரி இழுத்து வளைத்துப் பொருத்தும். வளைப்பதுதான் நல்லது என்று முதலில் தோன்றும், ஆனால் ஓரக்கோடு தப்பாகப் போட்டிருந்தால் தப்பையும் சேர்த்து அழகாக வளைத்துக் கொடுத்துவிடும். திரையில் பச்சை வட்டம் பளிச்சென்று இருப்பதாலேயே அது சரியான இடம் என்று ஆகிவிடாது. ஃபியூஷனில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் இந்த அசட்டு நம்பிக்கைதான்.

கணக்காகவே பார்ப்போம். மாமாவின் புள்ளி 9 மி.மீ., அதாவது மையத்திலிருந்து ஓரம் 4.5 மி.மீ. ஊசி எடுக்கும் துண்டு ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. நீளம் இருப்பதால் ஆழத்தில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை. பக்கவாட்டில் விலகினால்தான் ஆபத்து, 5 மி.மீ. தள்ளிப்போனால் புள்ளியையே தொடாமல் ஊசி போய்விடும். இதே புள்ளி 20 மி.மீ. இருந்தால் 5 மி.மீ. விலகினாலும் உள்ளேதான் இருக்கும். ஃபியூஷன் தேவையா என்ற கேள்விக்குப் பாதி பதில் புள்ளியின் அளவில் இருக்கிறது.

மீதிப் பாதிக்கு ஆய்வுகளைப் பார்க்கலாம், அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதே சுவாரசியம். 2018-இல் வந்த ப்ரெசிஷன் ஆய்வில் 500 பேர். எம்.ஆர்.ஐ. பார்த்துக் குறிவைத்த குழுவில் முக்கியமான, அதாவது சிகிச்சை தேவைப்படும் அளவுக்கான, புற்றுநோய் 38 சதவீதம் பேருக்குக் கிடைத்தது, பழைய முறைக் குழுவில் 26. பயப்படத் தேவையில்லாத சின்னப் புற்றுநோய் தேவையில்லாமல் அகப்பட்டது 9-க்கு 22. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று, அந்த ஆய்வில் கண்மதிப்பும் அனுமதி, மென்பொருளும் அனுமதி. அந்த வெற்றி எம்.ஆர்.ஐ.க்கு உரியது, ஃபியூஷன் மெஷினுக்கு அல்ல. இதை ஃபியூஷன் விளம்பரத்தில் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நேருக்கு நேர் ஒப்பிட்டது 2019-இல் வந்த நெதர்லாந்தின் ஃபியூச்சர் ஆய்வு. முன்பே ஒரு தடவை பயாப்சியில் ஒன்றுமில்லை என்று வந்து, எம்.ஆர்.ஐ.யில் பைராட்ஸ் 3 அல்லது அதற்கு மேல் வந்த 234 பேரை மூன்று முறைக்கும் பிரித்துவிட்டார்கள். அச்சு அசலாக எங்கள் மாமா கேஸ். முக்கியமான புற்றுநோய் ஃபியூஷனில் 34, கண்மதிப்பில் 33, மெஷினுக்குள் 32 சதவீதத்தை ஒட்டி. வித்தியாசமே இல்லை! இதைப் படித்த அன்று செவ்வாய்க்கிழமை டாக்டருக்கே போன் போடலாம் என்று இருந்தேன்.

அப்புறம் அதே 2019-இல் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ.யில் செய்தது கண்ணில் பட்டது. அதில் ஆளைப் பிரிக்கவில்லை, 248 பேருக்கு ஒரே தடவையில் மூன்று விதமாகக் குத்தினார்கள். கண்மதிப்பு 47 சதவீதம், ஃபியூஷன் 62, புள்ளியைப் பார்க்காமல் சுரப்பி முழுக்க எடுக்கும் வழக்கமான பரவல் குத்து 60, எல்லாம் சேர்த்தால் 70. இங்கே ஃபியூஷன் தெளிவாக முந்துகிறது. இதற்கிடையில் லண்டனில் ஸ்மார்ட்டார்கெட் என்று ஒன்று, ஒரே ஆளுக்குக் கண்மதிப்பும் ஃபியூஷனும் செய்து பார்த்தது. மொத்தம் 93 பேருக்கு முக்கியமான புற்றுநோய், அதில் ஒவ்வொரு முறையும் 80 பேருடையதைப் பிடித்தது. எண்ணிக்கை சமம், ஆனால் ஆட்கள் வேறு. இது விட்ட 13-ஐ அது பிடித்தது, அது விட்ட 13-ஐ இது பிடித்தது. மூன்றிலும் என் மனதில் ஒட்டிக்கொண்டது இதுதான். எது சிறந்தது என்று சண்டை போடுவதைவிட இரண்டையும் சேர்த்துச் செய்யும் டாக்டரைத் தேடுவது மேல் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மெஷினுக்குள்ளேயே எடுக்கும் மூன்றாவது முறையைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. பொருத்துகிற வேலையே கிடையாது, ஊசி புள்ளிக்குள் இருப்பதை எம்.ஆர்.ஐ.யிலேயே பார்த்து உறுதி செய்யலாம். ஊசி வைக்கும் துல்லியத்தில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் குப்புறப் படுத்து நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டும், காந்தத்தில் சிக்காத சிறப்பு ஊசி வேண்டும், அவ்வளவு நேரம் எம்.ஆர்.ஐ. மெஷினை ஒருவருக்கே ஒதுக்க வேண்டும், அதனால் செய்யும் இடங்கள் குறைவு, செலவும் அதிகம். பெரும்பாலும் புள்ளியை மட்டும் எடுப்பார்கள், மற்ற இடங்களைத் தொடுவதில்லை. ஃபியூஷனிலும் தவறிப்போய், எம்.ஆர்.ஐ.யில் புள்ளி இன்னமும் முறைத்துக்கொண்டிருந்தால் அப்போது யோசிக்கலாம். முதுகுவலிக்காரரான மாமா "குப்புறவா?" என்று கேட்டதோடு இது முடிந்தது.

பெட் ஸ்கேனை வைத்துக் குறிபார்க்கும் முறையும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கேலியம்-68 சேர்த்த மருந்தை ஏற்றினால், புராஸ்டேட் புற்றுநோயில் கூடுதலாக இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் அதிகமுள்ள இடம் பளிச்சிடும். எம்.ஆர்.ஐ. செய்ய முடியாதவர்களுக்கும், எம்.ஆர்.ஐ. குழப்பியவர்களுக்கும் பயன்படலாம். முதல் பயாப்சிக்கே அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

மெஷினைவிட முக்கியம் என்று எனக்குப் பட்டது ஊசி போகும் வழி. மலக்குடல் வழியாகக் குத்தினால் அங்குள்ள கிருமி ஊசியோடு சுரப்பிக்குள் போக வாய்ப்பு உண்டு. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியாகக் குத்தினால் தோலைச் சுத்தம் செய்துவிட்டுக் குத்தலாம். ஐரோப்பிய யூராலஜி சங்கம் 2021-இலிருந்தே தோல் வழியைத்தான் முன்னிறுத்துகிறது. 2024-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் தோல் வழியில் யாருக்கும் தொற்று இல்லை, மலக்குடல் வழியில் 1.4 சதவீதம். வித்தியாசம் சின்னதுதானே என்று தோன்றும், ஆனால் அங்கே மலக்குடல் வழிக்காரர்களுக்கு முன்கூட்டியே கிருமியைச் சோதித்து அதற்கேற்ற மருந்து கொடுத்தார்கள். நம் ஊரில் காய்ச்சலுக்கெல்லாம் மாத்திரை விழுங்கி விழுங்கி வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிகள் ஏராளம், மாமாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. நான் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு: முன்பக்கப் புள்ளிக்குத் தோல் வழியில் ஊசி நேராகப் போய்ச் சேரும், மலக்குடல் வழியில் சுரப்பியைக் குறுக்கே துளைத்துக்கொண்டு போக வேண்டும். முதல் தடவை 12 துண்டிலும் ஒன்றும் அகப்படாததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

புள்ளியை மட்டும் எடுப்பதா, பழையபடி பரவலாகவும் எடுப்பதா என்று இன்னொரு கேள்வி மிச்சம். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 2103 பேரிடம் இரண்டையும் செய்தார்கள், 2020-இல் வெளிவந்தது. பிறகு அறுவை சிகிச்சை செய்தவர்களின் சுரப்பியை எடுத்துப் பார்த்ததில், பயாப்சியில் குறைத்து மதிப்பிட்டு, உண்மையில் தீவிரமாக இருந்தது பரவல் குத்தில் மட்டும் 16.8 சதவீதம், புள்ளிக் குத்தில் மட்டும் 8.7, இரண்டும் சேர்ந்தால் 3.5. கூடுதல் குத்தில் தேவையற்ற சின்னப் புற்றுநோயும் அகப்படும் என்பது உண்மைதான், அது தெரிந்தபின் ராத்திரித் தூக்கம் போகும் என்பதும் உண்மை. ஆனால் இரண்டாவது தடவை ஊசிக்குப் போகிறவர் மூன்றாவது தடவை போகக் கூடாது என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாங்கள் மருத்துவமனையில் கேட்டது: எம்.ஆர்.ஐ. படத்தில் கோடு போடுவது யார், பயாப்சி செய்யும் டாக்டர் அவரோடு பேசுவாரா, இல்லை பென்டிரைவ் மட்டும் பேசுமா? புள்ளியிலிருந்து எத்தனை துண்டு? எந்த வழி? மரப்பு ஊசியா, மயக்கமா? இருதயத்துக்குச் சாப்பிடும் ரத்தத்தை இளக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது? கடைசிக் கேள்வியை டாக்டரே முதலில் கேட்டால் நல்ல இடம் என்று எடுத்துக்கொள்ளலாம். எம்.ஆர்.ஐ.யைப் பொறுத்தவரை காந்தத்தின் வலு 3 டெஸ்லாவா 1.5-ஆ என்று துருவுவதைவிட, புராஸ்டேட் படம் தினமும் பார்க்கும் ரேடியாலஜிஸ்டா என்று விசாரியுங்கள். மலக்குடலில் வாயு இருந்தாலும், இடுப்பு மூட்டு மாற்றியிருந்தாலும் படம் கெடும், ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மாமாவுக்கு ஃபியூஷன், தோல் வழி, கூடவே 12 பரவல் துண்டு என்று முடிவானது. 9 மி.மீ., முன்பக்கம், இரண்டாவது தடவை, இந்த மூன்றும் இல்லாமல் பின்பக்கத்தில் இரண்டு செ.மீ. கட்டியாக இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமை டாக்டரிடமே போயிருப்போம், பணமும் மிச்சம், அலைச்சலும் மிச்சம்.

அன்றைக்கு உள்ளே நடந்ததை டாக்டர் பிறகு சொன்னார். பொருத்தி முடித்ததும் திரையில் வட்டம் வந்தது, ஆனால் எம்.ஆர்.ஐ.யில் புள்ளி நடுக்கோட்டை ஒட்டி இருந்ததாக அவருக்கு ஞாபகம், வட்டமோ கொஞ்சம் வெளியே தள்ளித் தெரிந்தது. வட்டத்துக்குள் இரண்டு துண்டு, தன் கண்ணுக்குப் பட்ட இடத்தில் இரண்டு துண்டு எடுத்தாராம். ஒவ்வொரு குத்துக்கும் அந்த ஊசித் துப்பாக்கி 'டப்' என்று வெடிப்பதுதான் வலியைவிட மோசம் என்று மாமா சொன்னார், பதினாறையும் எண்ணியிருக்கிறார்.

ரிப்போர்ட் பத்து நாளில் வந்தது. 12 பரவல் துண்டும் சுத்தம். புள்ளியிலிருந்து எடுத்த நான்கில் மூன்றில் புற்றுநோய், க்ளீசன் 3+4, அதாவது புற்றுநோயின் தீவிரத்தைச் சொல்லும் மதிப்பெண்ணில் நடுத்தரம். ஒன்றும் இல்லாத அந்த ஒரு துண்டு வட்டத்துக்குள் எடுத்தது. ஒரே ஆளை வைத்து எந்த முறையும் சரி தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் மெஷின் காட்டிய இடத்தோடு நிறுத்திக்கொள்ளாத அந்த டாக்டர் மேல் எனக்குத் தனி மரியாதை. மூத்திரத்தில் மூன்று நாள் ரத்தம் வந்தது, சொல்லிவைத்திருந்ததால் யாரும் பதறவில்லை. அடுத்து அறுவை சிகிச்சையா, கதிரியக்கமா, கண்காணித்துக்கொண்டே இருப்பதா என்று வாட்ஸ்அப் குழுவில் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள்.